முதல்ல புகையை விசாரிங்க, பிறகு எஞ்சினைக் கழட்டுங்க

எங்க அப்பாவோட வேன், ஓவரோல் செய்து மூன்றாவது கிழமையே நீலப் புகை விட ஆரம்பித்தது. லயத்திலிருந்து டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிட்டாங்க. "ரிங் போச்சு." "பழைய ரிங்கையே கழுவிப் போட்டிருப்பான்." "போர் சரியில்ல, மறுபடி எஞ்சினை இறக்குங்க." டீக்கடையில் இருந்த ஒருத்தர், எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொன்னார். இத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு. புகை எப்ப வருது?

நான் கலைப்பீடத்துக்காரி. கெம்பஸில் எனக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தான் பழக்கினாங்க, ஸ்பானர் பிடிக்க இல்லை. ஆனால் போன லீவில் வீட்டுக்குப் போனபோது இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். அதில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நம்ம மலைநாட்டில் ஓவரோல் செய்த எஞ்சின் புகைந்தால், ஆதாரம் தேடுவதற்கு முன்னாடியே குற்றவாளியைத் தேடுறோம். அதனால் வண்டிக்காரனின் காசும் போகுது, வேலை செய்த பையனின் பேரும் போகுது. இரண்டுமே நம்ம லயத்து ஆட்களுடையதுதான்.

இது ஏன் இப்ப இவ்வளவு பெரிய விஷயம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது, பார்ட்ஸ் விலையும் ஒயில் விலையும் ஏறியது, பெட்ரோல் ஷெட்டில் நாள்கணக்காக வரிசையில் கிடந்தோம். கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி விலை நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கிற மாதிரி இல்லை. ஆகவே ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் ஓடுவது முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகள்தான். உடையும், திருத்துவோம், மறுபடி ஓடும்.

எங்க வேனும் அப்படித்தான். பழைய டொயோட்டா லைட்ஏஸ், பெட்ரோல், கார்பரேட்டர் எஞ்சின். காலையில் ஸ்கூல் பிள்ளைகள். பகலில் டவுன் ஹயர். இரவில் யாருக்காவது வலி வந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரி. பிள்ளைப்பேற்றுக்குக்கூடத் தோட்டத்து லொறியில் ஏற்றிப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்டார்ட் ஆகிற ஒரு வேன் என்பது சாதாரணப் பொருள் இல்லை. இந்த ஓவரோலுக்காக அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. 1,000 ரூபாய் நாள் சம்பளம் என்ற கோரிக்கை வருஷக்கணக்காக இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் கொழுந்து பறித்துச் சேர்த்த வளையல். "மறுபடி எஞ்சினை இறக்கு" என்று டீக்கடையில் சொல்றது சுலபம். எங்க வீட்டில் அடகு வைக்க இன்னொரு வளையல் இல்லை.

சரி, புகைக்கு வருவோம். முதலில் நிறம். கறுப்புப் புகை என்றால் எண்ணெய் கூடி, காற்றுக் குறைந்து எரியுது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்கணும். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரியுது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பாடம் சமவெளிக்கு எழுதினது. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கே விடியற்காலைக் குளிரில் நல்ல வண்டிகூட சைலன்சரிலிருந்து வெள்ளையாக ஆவி விடும். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், அந்த ஆவி குளிரில் சின்னத் துளிகளாகித் தெரியுது, அவ்வளவுதான். எஞ்சின் சூடானதும் மறைந்தால் அதை மறந்துடுங்க. அதேபோல கொழும்பில் டியூன் செய்த கார்பரேட்டர் வண்டி மேலே ஏறினால் கொஞ்சம் கறுப்பாகப் புகைக்கலாம். மேலே காற்று மெலிசு, உள்ளே போகிற பெட்ரோல் மட்டும் அவ்வளவாகக் குறையாது. மலையை மறந்துவிட்டு வண்டியைக் குற்றம் சொல்லக்கூடாது.

எங்களுடையது சந்தேகமில்லாத நீலம். ஒயில் எரியுது. ஆனால் எந்த வழியாக உள்ளே போகுது?

ஒயிலுக்கு முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று கீழ் வாசல். சிலிண்டர் சுவரில் படிந்த ஒயிலை வழித்துக் கீழே இறக்குவது பிஸ்டன் ரிங்கின் வேலை. ரிங் தேய்ந்தாலோ, தப்பாகப் போட்டிருந்தாலோ, புது ரிங் சுவரோடு இன்னும் பொருந்தாமல் இருந்தாலோ ஒயில் மேலே ஏறும். அதே சந்து வழியாக எரிந்த வாயு கீழே இறங்கும். அதனால் ரிங் கோளாறு என்றால் பாரம் இழுக்கும்போது, ஏற்றத்தில் மிதிக்கும்போது புகை கூடும். ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஊதும்.

இரண்டாவது மேல் வாசல். ஹெட்டுக்கு மேலே ஒயிலில் நனைந்துகொண்டு வால்வுகள் ஏறி இறங்குது. வால்வ் தண்டோடு ஒயில் வழிந்து கீழே போகாமல் பிடிப்பது சின்ன ரப்பர் சீல்கள். அவை காய்ந்து வெடித்தாலோ, தண்டு ஓடுகிற கைட் தேய்ந்தாலோ ஒயில் கசியும். இது எப்போது அதிகமாகும்? பெட்ரோல் வண்டியில் நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்றுக் கதவு மூடுது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றுது. பிஸ்டன் காற்றை உறிஞ்சப் பார்க்குது, உள்ளே வரக் காற்று இல்லை. மைலோ பக்கட்டை ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சும்போது பக்கட் ஒட்டிப்போகுதே, அந்த இழுவைதான். அந்த இழுவை வால்வ் தண்டு வழியாக ஒயிலை உள்ளே இழுக்கும். இறக்கம் முடிந்து திரும்ப மிதித்ததும் சேர்ந்த ஒயில் மொத்தமாக எரிந்து ஒரு நீல மேகமாக வெளியே வரும். இரவில் நிறுத்தி வைத்தாலும் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு தடவை புகைந்து நின்றுவிடும்.

ஏற்றத்தில் புகைந்தால் கீழ் வாசல், இறக்கத்துக்குப் பிறகு புகைந்தால் மேல் வாசல். இது சட்டம் இல்லை, நல்ல துப்பு. இந்தத் துப்பைச் சோதிக்க நம்மளவிட வசதியான ஊர் எது? கொழும்பில் இப்படியொரு ஏற்றமும் இறக்கமும் தேடிப் போகணும். நமக்கு வாசலைத் தாண்டினால் இரண்டும் இருக்கு.

முதல் நாள் நான் செய்தது ஒயில் அளவு பார்த்தது. அதிலேயே ஒரு தப்பு வெளியே வந்தது. எங்க லயத்து வாசல் சரிவு. அப்பா தினமும் அந்தச் சரிவிலேயே வண்டியை நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, குறைவு என்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். பெரட்டுக்களத்துச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தால் ஒயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்குது! அளவுக்கு மேலே ஒயில் இருந்தாலும் எஞ்சின் அதை எரிக்கும். கூடினதை வடித்தோம். புகை குறைந்தது, நிற்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினேன். காலை முதல் ஸ்டார்ட், ஏற்றம், இறக்கம் முடிந்து மிதிக்கும்போது, ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு மிதிக்கும்போது. ஹட்டனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனைப் பக்கம் இறங்கினோம். பின்னால் மாமா மகன் பைக்கில் வந்து ஃபோனில் வீடியோ எடுத்தான். இறக்கம் முழுக்கக் கியரில் பிடித்து இறங்கி, சமன் வந்ததும் அப்பா மிதித்தார். பைக்கே தெரியாத அளவுக்கு நீலம். திரும்ப ஹட்டனுக்கு ஏறும்போது, பாரத்தோடு இரண்டாம் கியரில் மிதித்து ஏறியும் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு வீச்சு. சும்மா ஓடவிட்டு மிதித்தாலும் ஒரு வீச்சு. நாலில் மூன்று மேல் வாசலைக் காட்டுது. ரிங்கைக் காட்ட வேண்டிய ஏற்றம் மட்டும் சும்மா இருக்கு.

அந்தக் கொப்பியோடு ஓவரோல் செய்த கராஜுக்குப் போனேன். அங்கே வேலை செய்தவன் எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையன், ஓ.எல்லோடு படிப்பை விட்டவன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றான். கொப்பியைப் பார்த்ததும் முகம் மாறியது. "அக்கா, இத யாரு எழுதினது? எங்கிட்ட யாருமே இப்படி வந்து சொன்னதில்ல. வந்து கத்துவாங்க, அவ்வளவுதான்."

அடுத்து கொம்பிரஷன் பார்த்தோம். கேஜ் அந்தக் கராஜில் இல்லை, டவுனில் இன்னொரு இடத்தில் இரவல் வாங்கினான். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டராகச் சுற்றிப் பார்த்தான். 145, 148, 142, 146. பக்கத்தில் நின்ற ஒருத்தர் உடனே, "பார்த்தியா, 170 இருக்கணும். ரிங் போச்சு" என்றார்.

இல்லை. ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 86 சதவீதம்தான். கொழும்பில் 170 காட்டுகிற அதே எஞ்சின் இங்கே 146 பக்கம்தான் காட்டும். நுவரெலியாவில் 80 சதவீதம், ஆக 136 பக்கம். மனுவலில் இருக்கிற எண்ணை மலையில் அப்படியே வைத்துப் பேசினால் நல்ல எஞ்சினும் கெட்டதாகிவிடும். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இருந்தது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தோம். ரிங் கசிந்தால் அந்த ஒயில் சந்தை அடைத்து அளவு நல்லாவே ஏறணும். கொஞ்சம்தான் ஏறியது. ரிங் குற்றவாளி இல்லை.

அப்போதுதான் பையன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன், ஹெட்டையும் செய்வோம்னு. அண்ணன்தான் காசு பத்தாது, ஹெட்டு நல்லாத்தான் இருக்கு, கீழ மட்டும் செய்னு சொன்னாரு." அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரோட்டைப் பார்த்தார்.

ஆகக் கதை இதுதான். புது ரிங் போட்டதும் எஞ்சினின் உறிஞ்சும் பலம் கூடியது. மேலே இருந்த பழைய சீல்களால் அந்த இழுவையைத் தாங்க முடியவில்லை. முன்பு லேசாகக் கசிந்தது இப்போது நல்லாவே இழுபட்டது. பாதி ஓவரோலின் பலன் இது. பையன் ஏமாற்றவில்லை. அப்பாவும் முட்டாள் இல்லை, கையில் இருந்த காசுக்குத் தக்கபடி முடிவெடுத்தார். ஆனால் அந்த முடிவு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. எழுதாததால் மூன்று கிழமையில் அது மறந்துபோய், பழி சின்னவன் தலையில் விழுந்தது.

ஹெட்டைக் கழட்டாமலேயே எட்டு சீலையும் மாற்றினான். பிளக் ஓட்டை வழியாக நைலோன் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கும். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிச் சீலை மாற்றலாம். இதை அவனுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, இன்னொரு பாஸ் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தது. முடிந்ததும், "கைட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு, சீல் கொஞ்ச காலம் தாங்கும். காசு சேர்ந்ததும் ஹெட்டை லேத்துக்கு அனுப்பிடுங்க" என்றும் சொன்னான். அந்த நேர்மைக்கு நாங்கள் மூன்று கிழமையாகச் சூட்டிய பேர் "கள்ளன்".

இதை வைத்துக் கராஜ்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய ரிங்கைப் போட்டுப் புதுசுக்குக் காசு வாங்குகிறவங்க இருக்கலாம். சிலிண்டர் சுவரைச் சரியாக ஹோன் செய்யாமல் ரிங் போட்டால் அது பொருந்தவே பொருந்தாது. ரிங்கில் மேல்பக்கத்துக்கு அடையாளம் இருக்கும், தலைகீழாகப் போட்டால் ஒயிலை வழிக்காது. இப்படி நடந்திருந்தால் ஏற்றத்தில் புகை காட்டும், ஒயில் விட்டுப் பார்க்கும் சோதனையில் எண் ஏறும். அந்த எண்களோடு கராஜுக்குப் போய், "உங்க செலவில் திரும்பச் செய்ங்க" என்று நிமிர்ந்து கேட்கலாம். ஆதாரம் பையனைக் காப்பாற்ற மட்டும் இல்லை, ஏமாந்தவனுக்கும் அதுதான் பலம். கத்துகிறவனை எந்தக் கராஜிலும் சமாளிச்சு அனுப்பிடுவாங்க. எண்ணோடு வருகிறவனை அப்படி அனுப்ப முடியாது.

வண்டிக்காரர் பக்கத்துத் தப்பும் இருக்கு. புது ரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான் சுவரோடு பொருந்தும். அப்போது மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடக்கூடாது, கண்மூடித்தனமாக மிதிக்கவும் கூடாது, மிதமான பாரத்தில் ஓட்டணும். அந்த நாட்களில் வரும் லேசான புகையைப் பார்த்துப் பயந்து எஞ்சினைத் திறந்தால், பொருந்திக்கொண்டிருந்ததையும் கெடுத்ததுதான் மிச்சம். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி ஒயில் மேலே வரும். அதைக் கழட்டிக் கழுவ அரை மணி நேரம் போதும். டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பழைய டீசல் எஞ்சினில் அந்தக் காற்றுக் கதவு இல்லாததால் நான் சொன்ன இறக்கச் சோதனை அவ்வளவு பேசாது. டர்போ இருந்தால் அதன் சீலையும் சந்தேகிக்கணும்.

"அதுக்குத்தான் வருஷா வருஷம் புகைச் சோதனை இருக்கே" என்று கேட்பீங்க. இருக்கு. 2008இல் தொடங்கிய திட்டம் அது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. தேவையான சோதனைதான், அந்த நீலப் புகையை ரோட்டோரம் நடந்து போகிற ஸ்கூல் பிள்ளைதானே சுவாசிக்குது. ஆனால் அந்த மெஷின் எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. பாஸா ஃபெயிலா என்பதோடு அதன் வேலை முடிந்தது. மீதி வேலை நம்மளோடது.

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று. ஓவரோலுக்கு வண்டி கொடுக்கும்போது என்ன செய்யச் சொன்னோம், என்ன வேண்டாம் என்றோம் என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. வண்டியை எடுக்கும் நாளிலேயே நாலு சிலிண்டர் கொம்பிரஷனையும் அதே தாளில் எழுதி வாங்குங்க, எந்த ஊரில் எடுத்தது என்றும் போடுங்க. புகைந்தால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் நாலு நாள் கொப்பி எழுதுங்க. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். நம்மில் நிறையப் பேர் முதல் தலைமுறையாகக் கெம்பஸ் போயிருக்கிறோம். ஊருக்குப் போய் ஆங்கிலத்தில் மனுவல் வாசித்து அதைத் தமிழில் சொல்வதும், அந்தப் பையன்களின் கையில் இருக்கிற அறிவைத் தமிழில் எழுதி வைப்பதும் கலைப்பீட வேலை இல்லை என்று யார் சொன்னது?

வேன் இப்போது ஓடுது. போன கிழமை இரவு ஒரு அக்காவை டிக்கோயாவுக்கு ஏற்றிப் போனதாக அப்பா ஃபோனில் சொன்னார். வளையல் இன்னும் மீளவில்லை. கராஜ் தந்த பில்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "வால்வ் சீல் 8 மாற்றியது. கைட் தேய்வு உண்டு, சொல்லப்பட்டது" என்று பையன் எழுதி, மீற்றர் எண்ணையும் போட்டிருக்கிறான். கீழே அவன் கையெழுத்து, அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து.